நூறு லிட்டர் டீசல்

போன வருஷம் ஆடி மாதக் கடைசியில் ஒரு பெட்ரோல் பங்கில் போய் நின்று, "அஞ்சு லிட்டர் அளவுக் குவளைய எடுங்க, அளந்து பாத்துட்டுத்தான் காசு குடுப்பேன்" என்று சத்தம் போட்டேன். எழுபத்தைந்து வயதில் செய்கிற காரியமா என்று என் வீட்டுக்காரி இன்னும் கேட்கிறாள். எந்த பங்க் என்று சொல்லப் போவதில்லை. தப்பு என் பேரில்தான் என்று பிறகு தெரிந்தது. அந்தத் தப்பு முப்பத்தெட்டு வருஷம் பழையது என்பது அதற்கும் பிறகுதான் தெரிந்தது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

என்னிடம் இருப்பது பையன் விட்டுப்போன ஒரு ஆல்டோ 800. அரசாங்கத்தில் குமாஸ்தாவாக இருந்தவன் கையில் ஒரு வண்டியைக் கொடுத்தால் அவன் முதலில் செய்வது ஒரு நோட்டுப் போடுவதுதான். நானும் போட்டேன். தேதி, மீட்டர் அளவு, போட்ட பெட்ரோல், போன இடம். மைலேஜ் பார்ப்பதற்கு வீட்டில் செய்யக்கூடிய நம்பகமான வழி ஒன்றுதான். ஒரே பங்கில், ஒரே பம்பில், தானாக நிற்கும்வரை டேங்கை நிரப்பி மீட்டரைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஓட்டிவிட்டு வந்து மறுபடி அதே மாதிரி நிரப்ப வேண்டும். ஓடிய கிலோமீட்டரை இரண்டாவது தடவை போட்ட லிட்டரால் வகுத்தால் கணக்கு வந்துவிடும். டேஷ்போர்டு முள்ளைப் பார்த்துச் சொல்கிறவர்கள் சொல்வதெல்லாம் குத்துமதிப்பு.

அப்படிப் பார்த்ததில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் ராம்நாட்டுக்குப் போய்வந்தால் லிட்டருக்கு 18 கிடைத்தது. உள்ளூர் ஓட்டத்தில் 12. உள்ளூர் என்றால் பேரனைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, மூக்கையூரில் மீன் வாங்குவது, மாரியூர்ப் பக்கம் எங்கள் பனந்தோப்புக்குப் போவது. இரண்டு ஓட்டமும் ஏறக்குறைய சரிபாதி. ஆகவே சராசரி 15 என்று நோட்டின் அட்டையிலேயே எழுதி வைத்தேன்.

வாங்கும்போது பையன் காட்டிய புத்தகத்தில் லிட்டருக்கு 22க்கு மேல் என்று அச்சடித்திருந்தது. அது பொய்யில்லை. புனேயில் 1966-ல் தொடங்கிய ஏ.ஆர்.ஏ.ஐ. என்ற நிறுவனம் நம் நாட்டில் வண்டிகளைச் சோதித்துச் சான்று தருகிறது. இந்தச் சோதனையில் வண்டி ரோட்டில் ஓடுவதே கிடையாது. ஒரு கூடத்துக்குள் உருளைகளின்மேல் சக்கரத்தை வைத்து ஓட்டுகிறார்கள். மொத்தம் சுமார் 20 நிமிஷம், 11 கிலோமீட்டருக்கும் குறைவு, அதிகபட்ச வேகம் 90. ஏசி கிடையாது. அங்கே கச்சான் காற்றும் கிடையாது, தெரு நடுவில் படுத்திருக்கும் ஆடும் கிடையாது. எல்லா வண்டியையும் ஒரே தராசில் நிறுத்துவதற்கு அது நல்ல ஏற்பாடு. நம் சாயல்குடியில் என்ன கிடைக்கும் என்று சொல்ல அதனால் ஆகாது.

கச்சான் என்றதும் ஒரு கணக்கு நினைவுக்கு வருகிறது. வைகாசியிலிருந்து ஆவணி வரை நம் கரையில் தென்மேற்கிலிருந்து காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ராம்நாட்டுக்குப் போகும்போது அது முதுகில் தள்ளுகிறது, திரும்பும்போது முகத்தில் அறைகிறது. ஒருநாள் அங்கே ஒரு தடவை, இங்கே ஒரு தடவை டேங்கை நிரப்பிப் பார்த்தேன். போகும்போது 21, வரும்போது 16க்கும் கொஞ்சம் குறைவு. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 60-ல் போகிறோம், எதிர்க்காற்று 25 என்றால் வண்டிக்கு அது 85-ல் போகிற மாதிரி. எதிர்ப்பு இரண்டு மடங்கு. முதுகில் தள்ளினால் 35-ல் போகிற மாதிரி, எதிர்ப்பு மூன்றில் ஒரு பங்கு. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினாலும் காற்றே இல்லாத நாளைவிட அதிகமாகத்தான் வருகிறது. போகும்போது கொடுத்ததைவிட வரும்போது கூடுதலாகப் பிடுங்கிக்கொள்ளும் கடன்காரன் அது.

சரி, பங்குக்கு வருகிறேன். வைகாசி, ஆனி, ஆடி மூன்று மாதத்தில் சாலையில் 900, உள்ளூரில் 900, ஆக 1800 கிலோமீட்டர் ஓட்டியிருந்தேன். வீட்டுக்காரிக்குக் கண் வைத்தியம், அதனால் ராம்நாட்டு ஓட்டம் அதிகம். லிட்டருக்கு 15 என்றால் 120 லிட்டர் பிடித்திருக்க வேண்டும். ரசீதுகளைக் கூட்டினால் 125. ஐந்து லிட்டர் எங்கே போயிற்று?

டீக்கடையில் எல்லாரும் எத்தனால் என்றார்கள். பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பது 2025-ல் நாடு முழுக்க வந்துவிட்டது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஐந்தில் ஒரு பங்கு கலந்தால் லிட்டருக்கு ஆறேழு சதவீதம் சக்தி குறையும். அது உண்மைதான். ஆனால் என் 18-ம் 12-ம் அந்தப் பெட்ரோலில் எடுத்த கணக்குகளே. ஆகவே எத்தனால்மேல் பழிபோட வழியில்லை. மீதியிருந்தது பங்க்தான்.

கேட்டால் முத்திரை போட்ட 5 லிட்டர் குவளையில் அளந்து காட்ட வேண்டும் என்பது விதி. தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். அந்தப் பையன் முகம் சுளிக்காமல் குவளையைக் கொண்டுவந்து பிடித்தான். பெட்ரோல் கோட்டில் வந்து நின்றது, ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. "இப்ப திருப்தியா தாத்தா?" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஐந்து லிட்டருக்குக் காசைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று ராத்திரி கரண்ட் போயிருந்தது. திண்ணையில் உட்கார்ந்து நோட்டை டார்ச் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தவனுக்குத் திடீரென்று காரைக்கால் ஞாபகம் வந்தது.

பழைய வாசகர்களுக்குத் தெரியும், நான் படித்தது காரைக்காலில், பிரெஞ்சு வழியில். மாமா அங்கே சுங்கத்தில், அந்த ஊர்ப் பேச்சில் சொன்னால் துவானில், வேலை பார்த்தார். 1954 நவம்பர் 1-ம் தேதி நிர்வாகம் இந்தியா கைக்கு வந்த பிறகும் பிரெஞ்சுப் பள்ளிகள் நடந்துகொண்டுதான் இருந்தன. எங்கள் கணக்கு முசியே ஒரு கணக்குப் போடுவார். ஒரு வண்டி மலைமேல் மணிக்கு 30-ல் ஏறுகிறது, அதே வழியில் 60-ல் இறங்குகிறது, சராசரி வேகம் என்ன? நான் எழுந்து 45 என்பேன். அடிக்கோலால் விரல் முட்டியில் ஒன்று விழும். ஏறும்போது அது இரண்டு மடங்கு நேரம் ரோட்டில் கிடக்கிறதே, மடையா. விடை 40.

பிரெஞ்சுக்காரர்கள் மைலேஜைக்கூட நம்மைப்போல் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று சொல்ல மாட்டார்கள். நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்பார்கள், லித்ர் ஓ சான். மாமாவின் அதிகாரி ஒரு பழைய பெழோ வைத்திருந்தார், அதைப் பற்றி அவர் பேசுவதெல்லாம் அந்தக் கணக்கில்தான். தலைகீழாகப் பேசுகிறாரே என்று நாங்கள் சிரிப்போம். ஆனால் என் கணக்கை அப்படிப் போட்டுப் பாருங்கள். சாலையில் 900 கிலோமீட்டர், லிட்டருக்கு 18, ஆக 50 லிட்டர். உள்ளூரில் 900, லிட்டருக்கு 12, ஆக 75 லிட்டர். மொத்தம் 125. ஒரு சொட்டுகூடக் குறையவில்லை. 18-ஐயும் 12-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்த இடத்தில்தான் அந்த ஐந்து லிட்டர் காணாமல் போயிருக்கிறது. உண்மைச் சராசரி 14.4.

இது படித்தவர்களையும் ஏமாற்றுகிற கணக்கு. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் என்ற இரண்டு பேர் 2008-ல், நான் ஓய்வுபெற்ற அதே வருஷம், சயன்ஸ் பத்திரிகையில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். கேலனுக்கு இத்தனை மைல் என்று சொல்லிச் சொல்லியே ஜனங்கள் தவறாக முடிவெடுக்கிறார்கள் என்பது அவர்கள் கட்சி. லிட்டரில் சொல்கிறேன். 5 கொடுக்கிற வண்டியை 10 கொடுக்க வைத்தால் ஆயிரம் கிலோமீட்டரில் 100 லிட்டர் மிச்சம். 20 கொடுக்கிறதை 25 ஆக்கினால் 10 லிட்டர்தான் மிச்சம். இரண்டிலும் கூடியது ஐந்துதான். அதற்குப் பிறகு அமெரிக்காவில் புது வண்டிகளில் ஒட்டுகிற சீட்டில் நூறு மைலுக்கு எத்தனை கேலன் என்பதையும் அச்சடிக்கிறார்கள்.

விடை கிடைத்ததும் சந்தோஷம் வரவில்லை. "மணல்ல ஓடுன கணக்கு தனி சார், ரோட்டுல ஓடுன கணக்கு தனி" என்ற குரல் காதில் கேட்டது.

1987. நான் ஒரு அலுவலகத்தில் உதவியாளர். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். ஒரு டீசல் ஜீப், அதற்கு ஒரு டிரைவர், என்னைவிட எட்டு வயது மூத்தவர், கமுதிப் பக்கத்துக்காரர். நான் அவரை அண்ணே என்பேன். அவர் ஆபீசுக்குள் என்னை சார் என்பார், வெளியே டீக்கடையில் "பிரெஞ்சுத் தம்பி". லாக் புக் என் பொறுப்பு.

அந்த ஜீப்புக்குச் சோதனை ஓட்டம் வைத்தார்கள். தார் ரோட்டில் லிட்டருக்கு 12. கரையோர மணல் பாதையில் 6, அந்த ஓட்டத்தில் பின்சீட்டில் நானும் உட்கார்ந்திருந்தேன். இரண்டு கணக்கு வேண்டாம், ஒரே சராசரியாகப் போடுங்கள் என்று உத்தரவு. நான் கூட்டினேன், இரண்டால் வகுத்தேன், 9 என்று சிவப்பு மையில் எழுதினேன்.

மாதம் 1200 கிலோமீட்டர் ஓட்டம். பாதி தார், பாதி மணல். என் சராசரிப்படி 133 லிட்டர் பிடிக்க வேண்டும். நிஜத்தில் தாரில் 50-ம் மணலில் 100-ம் ஆக 150 பிடிக்கும், பிடித்தது. ஆறு மாதம் கழித்துத் தணிக்கைக்கு வந்தவர்கள் கேட்டார்கள், நூறு லிட்டர் டீசல் எங்கே?

டிரைவர் அண்ணனிடம் விளக்கம் கேட்டோம். கைப்பட எழுதிக் கொடுத்தார், எழுத்துப் பிழைகளோடு. அதில் எல்லாம் இருந்தது. மணல் ஓட்டம் இந்த வருஷம் அதிகம். அதிகாரி இறங்கிப் பேசும்போது எஞ்சினை நிறுத்தினால் மறுபடி கிளம்புமோ என்னவோ என்று நிறுத்தாமல் வைக்கச் சொல்கிறார்கள். நாலு பேர் ஏறவேண்டிய வண்டியில் எட்டு பேர், போதாததற்கு சாமான். ஏர் பில்டர் மாற்றக் கேட்டு மூன்று மாதமாகிறது. கடைசியில் அந்த வரி, மணலையும் ரோட்டையும் ஒன்றாகப் போட்டால் எப்படி என்று.

கோப்பில் நான் குறிப்பு எழுதினேன்: "ஓட்டுநரின் விளக்கம் ஏற்புடையதாக இல்லை." அந்த வாக்கியத்தை எழுதாத குமாஸ்தா தமிழ்நாட்டில் கிடையாது. அது ஒரு பழக்கம், பேனா தானாக எழுதும். நூறு லிட்டருக்கான பணம் பத்துத் தவணையில் அவர் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது.

அந்த மனிதர் எப்படி வண்டி ஓட்டினார் என்று நான் பார்த்திருக்கிறேன், அதுதான் உறுத்துகிறது. மாரியூர் மணலில் இறங்குமுன் நாலு டயரிலும் காற்றைக் கொஞ்சம் இறக்குவார். டயர் பரந்து மணலில் புதையாமல் போகும். திரும்பி ரோட்டுக்கு ஏறியதும் அப்படியே ஓட்டிவிட மாட்டார். காற்றுக் குறைந்த டயர் தார் ரோட்டில் டீசலைத் தின்னும். சீட்டுக்கடியில் இருந்து கைப்பம்பை எடுத்து, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, நாலு டயருக்கும் அடிப்பார். மத்தியான வெயிலில் அரைமணி நேரத்துக்கு மேல் ஆகும். அதிகாரி வாட்சைப் பார்ப்பார். நான் பனை நிழலில் நின்று நுங்கு தின்றுகொண்டிருப்பேன். டீசல் திருடுகிறவன் டீசலை மிச்சம் பிடிக்கப் பம்பு அடிப்பானா? இந்தக் கேள்வி அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

டீசலை விற்ற டிரைவர்கள் இல்லாமல் இல்லை, நானே கையும் களவுமாகப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் எல்லாரும் சுலபமாக நம்பிவிட்டோம்.

தீபாவளி கழிந்ததும் பெருநாழி வழியாகக் கமுதிப் பக்கம் போனேன். இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாது. இருந்தார். எண்பத்து மூன்று வயது, கண் சரியாகத் தெரியவில்லை, வேப்பமரத்தடியில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"யாரு?"

"நான்தாண்ணே. ஜீப் லாக் புக் பாத்த கிளார்க்."

"அட, பிரெஞ்சுத் தம்பியா! வாங்க, வாங்க. என்ன வண்டில வந்தீக? எவ்வளவு குடுக்குது?"

டிரைவர் புத்தி. 18 என்றேன். "ஏசி போட்டா வந்தீக? டயருக்குக் காத்துப் பாத்தீகளா? இந்த ரோட்டுக்கு இன்னும் குடுக்கணுமே" என்றார்.

நோட்டை எடுத்து மெதுவாகக் கணக்கைச் சொன்னேன். தாரில் 600 கிலோமீட்டர், 50 லிட்டர். மணலில் 600, 100 லிட்டர். நான் போட்ட 9, வந்திருக்க வேண்டிய 8. முழுவதும் கேட்டார்.

"இதத்தான தம்பி நான் அன்னைக்கே எழுதிக் குடுத்தேன்."

"ஆமாண்ணே. நான்தான் ஏற்புடையதாக இல்லைன்னு எழுதினேன்."

நூறு லிட்டர் டீசலுக்கு இன்றைய விலையில் ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஆகிறது. ஒரு கவரில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். அவர் கையால் தொடவில்லை. உள்ளேயிருந்து வந்த அந்த அக்கா, "காப்பி குடிச்சுட்டு அதத் தூக்கிப் பையில வைங்க" என்றார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார். "காசு போனது போகட்டும் தம்பி. பெரியவளுக்கு அப்ப ஒரு எடம் வந்துச்சு. நல்ல எடம். டீசல் கேசுல மாட்டுன டிரைவரு மகன்னு யாரோ போயி சொல்லிப்புட்டாக. அது நின்னுபோச்சு. அப்புறம் சிவகாசில குடுத்தோம், நல்லாத்தான் இருக்கா." அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு அது தெரியவே தெரியாது. அதே வருஷம் எனக்குப் பதவி உயர்வு வந்து நான் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தேன்.

நான் என்ன செய்யட்டும் அண்ணே என்று கேட்டேன். யோசித்தார். "எழுதிக் குடுங்க" என்றார். "அன்னைக்கு எழுதுனீகள்ல, அதே மாதிரி. மவன் கிட்டயும் மருமவன் கிட்டயும் காட்டணும்."

பேத்தியின் பள்ளிக்கூட நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார்கள். நான் பதினேழு வருஷமாகக் குறிப்பு எழுதியதில்லை, ஆனாலும் கை மறக்கவில்லை. பொருள்: ஜீப் டீசல் பயன்பாடு - சராசரி கணக்கிட்டதில் தவறு - தொடர்பாக. பார்வை: ஓட்டுநரின் விளக்கம், 1987. கீழே இரண்டு ஓட்டத்தின் கணக்கையும் தனித்தனியாகப் போட்டேன். ஓட்டுநரின் விளக்கம் முற்றிலும் ஏற்புடையது, பிடித்தம் செய்தது தவறு, தவறு கணக்கிட்ட உதவியாளருடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதன் கீழே உதவியாளர், ஓய்வு என்று எழுதினேன்.

பேத்தி இரண்டு தடவை உரக்க வாசித்தாள். "முற்றிலும்" என்ற இடத்தில் இரண்டு தடவையும் தலையை ஆட்டினார். தாளை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, "ரப்பர் ஸ்டாம்பு இல்லையா தம்பி?" என்றார்.

இல்லண்ணே என்றேன். பரவாயில்லை என்று சொல்லி, ரேஷன் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் உறைக்குள் அதை மடித்து வைத்துக்கொண்டார்.